பெயர் நீக்க விண்ணப்பம்

நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் படிக்கவும். ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதில் நான் சேர்க்காமல் விட்ட ஒரு செய்தியை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் ஆய்வுப் பொருள் உரிமைத் துறப்பு. சட்டம் தந்த ஒன்றை 'எனக்கு வேண்டாம்' என்று குடிமகன் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்பது கேள்வி. நம் உச்ச நீதிமன்றம் இதற்கு முன்னரே விடை தந்திருக்கிறது. வருமான வரி தொடர்பான பஷேஷர் நாத் வழக்கில், பிரிவு 14 தரும் சமத்துவ உரிமையைக் குடிமகன் கைவிட இயலாது என்று 1958இல் தீர்ப்பாயிற்று. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. பம்பாயின் நடைபாதைவாசிகள், நடைபாதையில் குடிசை போட்டுக்கொள்ளும் உரிமை தங்களுக்கு இருப்பதாகக் கோரமாட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தனர். அந்த ஒப்புதலைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க மாநகராட்சி முயன்றது. அரசமைப்புச் சட்டத்துக்கு எதிராக எவருடைய வாக்குறுதியும் அவரைக் கட்டாது என்றது நீதிமன்றம். ஏழையிடம் கையெழுத்து வாங்குவது எவ்வளவு எளிது என்பதை அறிந்தவர்கள் எழுதிய தீர்ப்பு அது. முதன்முறை படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. தில்லி நூலகத்தின் குளிர்சாதனத்தில் அமர்ந்து படிக்கையில் நிறையத்தான் செய்யும்.

களப்பணிக்கு நான் சென்ற இடம் ஜார்க்கண்டின் குந்தி மாவட்டம். பிர்சா முண்டா பிறந்த உலிஹாத்து இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. முண்டா மக்கள் இறந்தோருக்குக் கல் நடுவர். ஊர் எல்லைக்கும் நடுவர். 1996இல் பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் வந்தபின், அதன் விதிகளையே கல்லில் பொறித்து ஊர் முகப்பில் நிறுத்தும் வழக்கம் தோன்றியது. 2017, 2018இல் அது பத்தல்கடி இயக்கமாக விரிந்தது. ஐந்தாம் அட்டவணையையும் அரசமைப்பின் பிரிவுகளையும் சுமந்த கற்கள், கிராம சபையின் இசைவின்றி உள்ளே வராதே என்றன. அரசு தேசத்துரோக வழக்குகளால் பதிலளித்தது. 2019 திசம்பரில் பொறுப்பேற்ற புதிய அரசு, அவ்வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே அறிவித்தது.

அக்கற்களுள் சில, வாக்காளர் அட்டையும் ஆதாரும் ஆதிவாசிகளுக்கு எதிரான ஆவணங்கள் என்று சொல்லின. தெற்குக் குஜராத்தில் வேரூன்றிய சதி-பதி மரபின் பேச்சும் இங்கே வந்து கலந்தது. நிலம் நம்முடையது, அரசு வெறும் குத்தகைக்காரர், குத்தகையும் முடிந்துவிட்டது என்பது அதன் சாரம். சில குடும்பங்கள் ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை அனைத்தையும் திருப்பி அனுப்பத் தலைப்பட்டன.

2024இல் அத்தகைய ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் பல நாள்கள் அமர்ந்திருந்தேன். எழுபதைக் கடந்தவர், மனைவி இல்லை. மகன் கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார். வீட்டில் மருமகளும் இரு பேரக் குழந்தைகளும். தம் ஆதார் அட்டையை அவர் முன்னரே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். ரேஷன் அட்டைதான் மிச்சம். அதற்கொரு முத்திரைத்தாளை வாங்கி வைத்திருந்தார். அதன் தலைப்பில் அச்சாகியிருந்த 'இந்தியா நான் ஜுடிஷியல்' என்னும் எழுத்துகளைக் காட்டி, "பார், மகளே! நீதிக்குத் தொடர்பில்லை என்று அவர்களே அச்சடித்துத் தருகிறார்கள்" என்றார். நீதிமன்றக் கட்டணம் சாராத முத்திரை என்பதே அதன் பொருள் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தத் தாளில்தானே எங்கள் நிலத்தையும் எழுதி வாங்கினார்கள்?" என்றார்.

அவருக்கு வேண்டியது ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அரசின் எந்த நலனையும் ஏற்பதில்லை, எந்தப் பதிவேட்டிலும் தம் குடும்பம் இருக்கலாகாது, இதை மீறி அளிக்கப்படும் எதுவும் தம்மைக் கட்டுப்படுத்தாது. இந்த மூன்றையும் சட்ட மொழியில் எழுதித் தரச் சொன்னார். "நிலத்தின் சொந்தக்காரன் குத்தகைக்காரனிடம் அரிசி வாங்குவானா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் வரலாற்றுப் பிழை உண்டு. சட்டப் பிழையும் உண்டு. ஆனால் அரசை மறுக்கும் அவர், அரசின் தாளை நாடி, அரசின் தபாலில், அரசின் மொழியில் எழுதவே விரும்பினார். எழுத்துக்கு எழுத்தாலேயே விடை தர வேண்டும் என்று அவர் நம்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முண்டா சர்தார்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருந்த மண் அது. அவரைப்போல் ஆவணத்தை மதித்த இன்னொருவரை என் களப்பணியில் நான் சந்திக்கவில்லை.

துறப்பவருக்கு நம் நாட்டில் மரியாதை இல்லாமலில்லை. 2015இல் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்கப் பிரதமர் அழைத்தார். ஓராண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விட்டுக்கொடுத்ததாகப் பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் எங்கள் வீட்டிலேயே 'எப்பொருளும் வேண்டாத' குடும்ப அட்டை இருக்கிறது. அரிசியும் சர்க்கரையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்த அப்பா, முகவரிச் சான்றுக்காக அந்த அட்டையைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறார். அவரை எந்தக் காவலரும் வந்து விசாரித்ததில்லை. பெரியவரைத் தேடி இருமுறை வந்திருந்தார்கள்.

அன்று மாலை நான் குளிக்கப் போகையில் மருமகள் பின்னாலேயே வந்தார். "தீதி, நீங்கள் எழுதினால் அரிசி நின்றுவிடுமா?" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். பக்கத்துச் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்ததை அந்தப் பகுதியில் எல்லோரும் அறிவர். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியென்றது குடும்பம், மலேரியா என்றது நிர்வாகம். அங்கே அட்டையைத் துறந்தது அரசு. அதற்கு முத்திரைத்தாள் தேவைப்படவில்லை.

இரவு முழுதும் சட்டத்தைப் புரட்டினேன். குடியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு துறப்புக்கு வழி தருகிறது. ஆனால் துறப்பவரின் வயது வராத பிள்ளையும் கூடவே குடியுரிமையை இழக்கிறது. 18 வயதான பின் ஓராண்டுக்குள் அறிவித்து மீளப் பெறலாம். ஆதாரை விட்டு வெளியேறும் வழி, 18 வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கும் இளையோருக்கு மட்டுமே. எழுபது கடந்தவருக்கு எதுவுமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன் 13ஆம் பிரிவை எட்டியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவர், வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவர். அந்த வீட்டில் அது மருமகள். பெரியவரால் திருப்பித் தர இயலாத அட்டை அது, அவருடையதே அன்று.

காலையில் இதை அவரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. நிலம் ஆண்வழியில் செல்லும் சமூகத்தில் வளர்ந்தவர் அவர். பின்னர், "சரி. என் பெயரை மட்டும் எடுக்கச் சொல்லி எழுது" என்றார். எழுதினேன். முத்திரைத்தாளில், அவர் கேட்ட கம்பீரத்தோடு, ஒரு பக்கம். படித்துக் காட்டியபோது இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார். இரண்டும் நல்ல திருத்தங்கள்.

நான் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வீட்டு அட்டை அந்த்யோதயா வகை. முன்னுரிமைக் குடும்ப அட்டையாக இருந்தால் ஆளுக்கு 5 கிலோ. ஒரு பெயர் போனால் 5 கிலோ குறையும். அந்த்யோதயாவில் குடும்பத்துக்கு 35 கிலோ, ஆள்கணக்கு இல்லை. அவர் பெயர் நீங்கினாலும் ஒரு மணியும் குறையாது. அதை அறிந்தே எழுதினேன். மருமகளிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்து, "சமைப்பது நான்தான், தீதி. எந்த அரிசி என்று மாமனார் கேட்டதில்லை" என்றார்.

கடிதம் அவருடைய துறப்பா, என் தந்திரமா? தகவலளித்தோரிடம் எதையும் மறைக்கவில்லை என்று ஆய்வு நெறிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அதுவும் ஓர் உறுதிமொழித் தாள்தான். வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, "மூன்றாம் இயலுக்கு அருமையான சான்று" என்றார். அதனாலேயே சேர்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து மீண்டும் போனேன். அலுவலகத்திலிருந்து கடிதம் திரும்பி வந்திருந்தது. பெயரை நீக்க விண்ணப்பதாரரின் ஆதார் நகலை இணைக்கவும் என்று ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள். பெரியவர் அதை இன்னும் பார்க்கவில்லை. தபால்காரர் மருமகளிடம் தந்ததை அவர் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். கூடவே, மாமனார் அட்டையைத் தபாலில் அனுப்புவதற்கு முந்தைய நாள் சந்தையில் எடுத்து வந்த ஒரு நகலும் இருந்தது. இரண்டையும் என் கையில் வைத்து, "சேர்த்து அனுப்பட்டுமா, தீதி?" என்றார்.

வெளியே பெரியவர் கட்டிலில் அமர்ந்து, தபால் ஏதும் வந்ததா என்று பேரனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.