மேளம் கேட்ட செவிகள்

ஓர் ஊரின் இசை வரலாற்றை எழுத முற்படுவோர், பாடியவர் யார், வாசித்தவர் யார் என்றே முதலில் வினவுவர். எனது ஊராகிய சரவணையைப் பற்றி அவ்வாறு வினவினால் விடை சுருக்கமாகவே அமையும். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, பனையும் வயலும் தரவையுமாகக் கிடக்கும் சிற்றூர் அது. எங்கள் திருவிழாக்களில் வாசித்த மேளகாரர் பெரும்பாலும் பண்ணைப் பாலத்தைக் கடந்து குடாநாட்டிலிருந்து வந்தவர்கள். வாசித்து முடிந்ததும் விடியற்புறத்தே திரும்பிச் சென்றுவிடுவார்கள். ஊரில் எஞ்சியிருந்தோர் கேட்டவர்கள் மட்டுமே. எனவே எங்கள் ஊரின் இசையைப் பற்றி நான் எழுதுவதானால், கேட்டவர்களைப் பற்றியே எழுதவேண்டும்.

இதனை உணர எனக்குச் சற்றுக் காலம் பிடித்தது. பேராதனைக்கு வந்த முதலாண்டில், விடுதி அறையில் ஓரிரவு பேச்சு ஊர்ப் பாடல்களின் பக்கம் திரும்பியது. மட்டக்களப்பு நண்பன் வடமோடித் தாளக்கட்டு ஒன்றைக் கட்டிற் சட்டத்தில் தட்டிக் காட்டினான். மலையகத்து நண்பன் தன் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்தைப் பற்றி நெடுநேரம் பேசினான். பின்னர் இருவரும் என்னைப் பார்த்தனர். “உங்கட ஊரில என்ன மச்சான்?” என்று ஒருவன் கேட்டான். “எங்கட ஊரில அப்பிடி ஒண்டுமில்லை” என்றேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கூறியது பொய் என்பதை என் ஆச்சி கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார். ஆனால் அப்போது ஆச்சி உயிருடன் இல்லை.

ஆச்சி என் தந்தையின் தாய். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவே படித்தவர். சங்கீதத்தை எவரிடமும் கற்றவரல்லர். ஆயினும் நாதஸ்வரத்தில் ஓர் இராகம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அது தோடியா காம்போதியா என்று கூறிவிடுவார். பெயர் தெரியாத இராகமாயின், “இது அந்தத் தேர்த் திருவிழாவில வாசிச்சது” என்பார். இந்த ஞானத்தை அவருக்கு வழங்கியது கோயில் வீதியின் மணல். 1950களிலும் 1960களிலும் திருவிழா இரவுகள் விடியும்வரை நீண்டன. சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும்போது மல்லாரி ஒலிக்கும். வீதியில் ஓரிடத்தில் சுவாமியை நிறுத்தி, பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் மேளச் சமா தொடங்கும். பெண்கள் ஒருபுறமும் ஆண்கள் மறுபுறமுமாகப் பாய் விரித்து அமர்வர். பிள்ளைகள் மடியிலேயே உறங்கிப் போவர். ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஒவ்வொரு குடும்பத்தார் உபயகாரர். நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றையவர் நான்கு கூட்டம் பிடிப்பார். கடன்பட்டேனும் மேளம் பிடித்தவர்கள் இருந்தனர். அப் போட்டியில் வீண்பெருமை கலந்திருந்தது உண்மையே. எனினும் அதனால் நல்ல வித்துவான்களின் வாசிப்பு எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தது.

அக் காலத்து யாழ்ப்பாணம் தவிலுக்குப் பேர்போன நாடு. இணுவிலும் அளவெட்டியும் தலைமுறை தலைமுறையாக இசைவாணரை உருவாக்கிய ஊர்கள். இணுவில் விசுவலிங்கத்தின் மைந்தரான தெட்சணாமூர்த்தி 1975 இல் மறையும்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை. தமிழகத்தின் பெருவித்துவான்களும் அவரது தவிலை வியந்து போற்றினர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் நல்லூர்க் கந்தன் வீதியில் பல்லாண்டு ஒலித்தது. தெட்சணாமூர்த்தியை ஒரேயொரு முறை நேரிற் கேட்டதாக ஆச்சி சொல்வார். எந்தக் கோயிலில் என்பதிற் சில வேளை அவருக்குத் தடுமாற்றம் இருந்தது. ஆனால் அந்தத் தனியாவர்த்தனம் முடிந்த கணத்தில் கூட்டம் கைதட்ட மறந்து இருந்ததைக் கூறும்போது மட்டும் தடுமாற்றம் இராது. கூறிக்கொண்டே முழங்காலில் விரலால் தாளம் போடுவார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அந்த மணலில் அமரும் உரிமை எல்லோர்க்கும் இருக்கவில்லை. சாதியின் பெயரால் கோயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர்கள், பனைகளின் கீழும் வேலி ஓரத்திலும் நின்றே மேளம் கேட்டனர். 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது. அதற்குப் பின்னரும் பல கோயில்களின் கதவுகள் மெல்லவே திறந்தன. மல்லாரி மதிலைத் தாண்டிச் சென்றது; மனிதர் தாண்ட இயலவில்லை. வாசித்த கலைஞர்களையும் இச் சமூகம் இரவில் வித்துவான் என்று போற்றிப் பகலில் ஒரு படி கீழே வைத்தே நோக்கியது. எங்கள் ஊரின் செவிகளைப் பற்றிப் பேசுகையில், வெளியே நின்ற அந்தச் செவிகளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

தீவகத்தில் மேளம் மட்டும் இருக்கவில்லை. கரைவலை இழுப்போர் அம்பாப் பாடல் பாடினர். ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடும் அப் பாட்டின் தாளம் வலையின் கனத்தாலேயே அமைந்தது. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்க மக்களிடையே நாட்டுக்கூத்து நடந்தது. தவக்காலத்தில் வியாகுல பிரசங்கத்தின் ஒப்பாரி இராகம் கேட்கும். சைவப் பெண்ணாகிய ஆச்சிக்கும் அந்த இராகம் தெரிந்திருந்தது. ஒலிக்கு மதம் பார்க்கத் தெரியாது என்பது எங்கள் தீவு எனக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று.

என் தந்தையின் தலைமுறை வேறு ஓசைகளோடு வளர்ந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை கடலுக்கு அப்பாலும் நேயர்களைப் பெற்றிருந்த காலம் அது. 1970களில் ஈழத்துப் பொப் பாடல்கள் பரவின. சிங்கள பைலாவின் துள்ளலும் நம் பேச்சுத் தமிழும் கலந்த பாடல்கள் அவை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ முதலியவற்றை அறியாத இளைஞர் அன்று இல்லை. மூத்தோர் முகஞ் சுளித்தனர். ஆனால் பாடல்கள் வாய்விட்டு வாய் பரவின. 1980களில் ஒலிநாடா வந்தது. விருப்பமான பாடல்களைத் தாளில் எழுதி யாழ்நகரில் உள்ள ஒலிப்பதிவுக் கடையிற் கொடுத்தால், சில நாள்களில் அவற்றைப் பதிந்து தருவார்கள். அப்பா அவ்வாறு சேர்த்த ஒலிநாடாக்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தனவாம். அவற்றுள் ஒன்றில் பாட்டு இல்லை. எங்கள் கோயில் மேளச் சமாவை, இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியினால் அவரே பதிந்திருந்தார். இடையிடையே பிள்ளைகள் அழுவதும், கச்சான் விற்பவர் குரலும், “சபாஷ்” என்று யாரோ சொல்வதும் அதிற் கேட்குமாம்.

1990 இல் தீவகத்தை இராணுவம் கைப்பற்றியபோது ஊர் ஒரேயடியாக எழுந்து ஓடியது. ஆச்சி ஒரு பையில் உறுதிகளையும் மறு பையில் அரிசியையும் எடுத்துக்கொண்டார். தகரப் பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. பின்னர் திரும்பிப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. பெட்டியைப் பற்றி என்ன சொல்வது? குடாநாட்டில் மின்சாரமின்றிக் கழிந்த அந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டனர். பற்றறிகூடக் கிடைக்காத காலம். ஒருவர் சுற்ற நால்வர் கேட்பர். சுற்றுபவர் களைத்தால் பாட்டும் களைக்கும். 1995 இல் மீண்டும் இடம்பெயர்வு. அவ்வாறு எங்கள் ஊரார் வன்னிக்கும் கொழும்புக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறிப் போயினர். மணலில் அருகருகே அமர்ந்து ஒரே இராகத்தைக் கேட்டவர்கள் பின்னர் ஒருபோதும் ஒன்றாக அமரவில்லை.

நான் பிறந்தது மீள்குடியேறிய பின்னர். பூட்டிய வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் நடுவே வளர்ந்தேன். வெளிநாட்டிலுள்ள ஊரவர் அனுப்பும் பணத்தால் கோயில்கள் பொலிவு பெற்றன. கோபுரங்கள் உயர்ந்தன. திருவிழாவுக்கு இப்பொழுதும் மேளம் உண்டு. அதனுடன் பெரும் ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு வரும் இசைக்குழுவும் உண்டு.

2022 ஆம் ஆண்டு, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்துத் திருவிழா அது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தேன். எழுபத்தெட்டு வயது ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி மெல்ல மிதித்துக் கோயிலுக்குக் கூட்டிச் சென்றேன். இரவு ஒன்பது மணியளவில் மேளச் சமா நடந்தது. தவிற்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். முன்னால் அமர்ந்திருந்தோரை எண்ணிப் பார்த்தேன்: ஆச்சியுடன் பதினொருவர். ஏனையோர் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு இசைக்குழுவின் மேடைக்கு முன்னே இடம் பிடிக்கப் போய்விட்டனர். என் நண்பர்களும் அங்கேயே நின்றனர். ஆச்சியை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிவந்தால் முதற் பாட்டுக்கே நிற்கலாம் என்பது என் கணக்கு.

“எழும்புங்கோ ஆச்சி, நேரமாச்சு” என்றேன்.

“கொஞ்சம் பொறு மோனை. தனி முடியட்டும். நடுவில எழும்பிப் போனா அந்தப் பொடியன்ர மனம் விட்டுப்போம்.”

நான் பொறுக்கவில்லை. மீண்டும் மீண்டும் நச்சரித்தேன். ஆச்சி எழுந்தார். எழுந்தவர் தவிற்காரரை நோக்கிக் கைகூப்பினார். அவர் வாசித்துக்கொண்டே தலையைச் சற்றுத் தாழ்த்தினார். வீடு செல்லும்வரை ஆச்சி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னால் தவில் கேட்டுக்கொண்டே வந்தது. பாதி வழியில் இசைக்குழு தொடங்கியது. அதன்பின் தவில் கேட்கவில்லை. அவ்வருட மார்கழியில் ஆச்சி காலமானார்.

இன்று உலகின் பல நகரங்கள் தம் இசையைப் போற்றிப் பாதுகாக்கின்றன. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரை 2008 இலும் சென்னையை 2017 இலும் யுனெஸ்கோ நிறுவனம் இசை நகரங்களாக ஏற்றுக்கொண்டது. கிளாஸ்கோவில் தம் தந்தையர் எந்த மண்டபத்தில் எவரைக் கேட்டனர் என்பதைப் பிள்ளைகள் ஆசையோடு பேசுவர். தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. இவை யாவும் மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் அந்தக் கலைஞரைக் கலைஞராக்கிய மணல்வீதிச் செவிகளை யார் பதிந்து வைப்பர்? விடியும்வரை அமர்ந்திருக்க ஓர் ஊர் இருந்தமையாலன்றோ விடியும்வரை வாசிக்க ஒருவர் இருந்தார்? போரே எங்கள் இசையை அழித்தது என்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். செவிகளைச் சிதறடித்தது போர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் 2022 இல் அந்தத் தவிலின் முன்னால் இருந்த பதினொருவரை ஒன்பதாகக் குறைத்தது போரன்று, நானே.

எமது பல்கலைக்கழகத்துக்கு இவ்விடயத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். அன்று மாணவர்கள் அண்ணாவிமாரிடம் கற்றனர். நாம் கேட்டவர்களிடமும் கற்கவேண்டியவர்களாக உள்ளோம். இந்தத் தலைமுறை முதியோர் போய்விட்டால், எந்த இரவில் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதைக் கூற எவரும் இரார். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம், “என்ன கேட்டீர்கள், யாருடன் இருந்து கேட்டீர்கள்?” என்று வினவி எழுதிவைப்பின், அது பெரும் பணியாகும். நான் இரண்டு கொப்பிகள் நிரப்பியுள்ளேன். ஆச்சியின் பக்கம் மட்டும் என் நினைவிலிருந்து எழுதப்பட்டது. அதிற் பிழைகள் இருக்கலாம்.

கடந்த திருவிழாவில் தனி முடியும்வரை அமர்ந்திருந்தேன். தவிற்காரர் வேறொருவர். இராகம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அருகிலிருந்த ஒரு முதியவரிடம் கேட்டேன். “சண்முகப்பிரியா” என்றார். பின்னர் என்னை உற்றுப் பார்த்து, “நீ ஆற்ரை பிள்ளை?” என்று வினவினார். ஆச்சியின் பெயரைச் சொன்னேன். சற்று நகர்ந்து, தம் பாயில் எனக்கு இடம் தந்தார்.