அம்மனைத் தாண்டிப் பறந்தோம்!

சேலத்தில் எனக்குப் பிறந்த வீடு; சென்னையில் புகுந்த வீடு. நடுவே, ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் புகுந்த வீட்டாரின் குலதெய்வம், ரேணுகாம்பாள். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஓர் அமைப்பு இருந்தால், என் சங்கடம் உங்களுக்குப் புரியும்.

சென்னைக்கும் சேலத்துக்கும் 2018 மார்ச்சில் 'உதான்' திட்டத்தில் விமானம் விட்டார்கள். நடுவில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் பறந்தது. சேலத்தில் தங்கை கல்யாணம் முடிந்து, மாமியாருடன் அதில்தான் திரும்பினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்த மாமியார் கேட்டார்: "ஏம்மா, படவேடு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் அத்தை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்."

"அவளைப் பார்த்து மூணு ஆடி ஆயிடுச்சு. இப்படித் தாண்டித் தாண்டிப் போறோமே, கோபம் வராதா அவளுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அப்படி என்னதான் மிச்சம் பிடிக்கிறோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இரு விமான நிலையங்களுக்கும் ஆகாயத்தில் நேர்கோட்டுத் தூரம் சுமார் 265 கிலோமீட்டர். இந்தச் சிறிய ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பறக்கும். அப்படியானால் அரை மணி போதுமே! ஆனால் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி. ஏன் தெரியுமா? நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், இறங்கி நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும்; மெதுவாக மேலேற வேண்டும்; மீனம்பாக்கத்தில் மற்ற விமானங்களோடு வரிசையில் இறங்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு இன்னும் வேறு. சேலத்திலிருந்து ஓமலூர்ப் பக்கம் காமலாபுரம் போக முக்கால் மணி. அங்கே காத்திருக்க ஒரு மணி. பறக்க ஒரு மணி. பெட்டிக்குக் கால் மணி. மயிலாப்பூர் வீடு சேர ஒரு மணி. ஆக நாலு மணி! காரில் வந்தால் சுமார் 340 கிலோமீட்டர், ஆறு மணி. மிச்சம் இரண்டே மணி நேரம். அதற்காகவா மூன்று ஆடியை விட்டோம்?

அடுத்த ஆடி வெள்ளிக்குச் சேலத்திலிருந்து காரிலேயே கிளம்பினோம். ஊத்தங்கரை, செங்கம், போளூர் தாண்டிச் சந்தவாசலில் திரும்பினால் வாழைத் தோப்புகள், பின்னால் நீல மலை, கமண்டல நதி. சம்புவராயர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர் இது. சிரசு வடிவில் அருளும் அம்மனை, கூட்டத்தில் நசுங்கி, கண் குளிரத் தரிசித்தோம். வீடு சேர ஒரு முழுப் பகல் ஆயிற்று.

ஆஸ்பத்திரி, பரீட்சை என்று அவசரமானால் அவசியம் பறந்து போங்கள், சகோதரிகளே. ஆனால் டிக்கெட் வாங்குமுன், வழியில் யாரைத் தாண்டிப் போகிறோம் என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

திரும்பும் வழியில் மாமியார் விபூதிப் பொட்டலத்தை இறுகப் பிடித்தபடி தூங்கிப் போனார். ஆரணி வந்ததும், காஞ்சிபுரம் வந்ததும் அவருக்குத் தெரியாது!