படவில்லையும் பழைய கரும்பலகையும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, இலக்கிய நயமொன்றைப் பற்றி எழுதுவதே தமிழாசிரியர்க்குத் தகும் என முதலில் எண்ணினோம். ஆயின், இவ்விழாவின் பொருட்டு யாம் செய்த பணியொன்றில் நேர்ந்த பிழையும், அதனைத் திருத்துங்கால் யாம் கற்ற பாடமும் நெஞ்சைவிட்டு அகலாமையால், அவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கல்லூரியின் வரலாற்றை நாற்பது படவில்லைகளில் தொகுத்து இணையத்தில் ஏற்றும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. தாபகரின் உருவப்படம், பழைய வகுப்பறைகளின் நிழற்படங்கள், பரீட்சைப் பெறுபேறுகளின் வரைபு, இல்ல விளையாட்டுப் போட்டியின் புள்ளிகள் ஆகிய யாவற்றையும் பவர்பொயின்ற் மென்பொருளில் அழகுற அமைத்தோம். எழுத்துக்கள் பறந்து வந்து அமர்ந்தன. படங்கள் சுழன்று மறைந்தன. கண்டோர் பாராட்டினர். அப்பாராட்டில் மயங்கி, எமக்குத் தமிழ் கற்பித்த ஐயா அவர்களுக்கும் அதனை அனுப்பிவைத்தோம்.

ஐயா கண்ணழுத்த நோயினால் விழிப்புலனை முற்றாக இழந்து சில ஆண்டுகள் ஆயின. அதனை யாம் அறியாதவர் அல்லோம். வீட்டில் எவரேனும் வாசித்துக் காட்டுவர் என்று எண்ணினோம். அவரோ பிறர் கையை எதிர்பார்த்திருப்பவர் அல்லர். கணினித் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் திரைவாசிப்பானைப் பேரன் நிறுவிக் கொடுக்க, செய்திகளையும் கடிதங்களையும் தாமே கேட்டறிபவர். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்னும் மென்பொருள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த விழிப்புலனற்ற இளைஞர் இருவர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ் என்போர், 2006ஆம் ஆண்டில் தொடங்கிய பணி அது. இலவசமாகக் கிடைப்பது, தமிழையும் வாசிக்க வல்லது.

இரண்டு நாள் கழித்து ஐயா எம்மை வீட்டுக்கு அழைத்தார். அருகில் அமரச் செய்து, எமது படவில்லைகளைத் திறந்து விசையை அழுத்தினார். “படம் 4” என்றது கணினி. பின்னர் “படம் 5” என்றது. அதன்பின் “ஜே, கே, பி, ஓ” என்று ஆங்கில எழுத்துக்களை அடுக்கத் தொடங்கிற்று.

“தம்பி, இஃது எந்த மொழி?” என்று வினவினார் ஐயா.

எமக்கு விடை தெரிந்திருந்தது. அது ‘தமிழ்’ என்னும் சொல். யாம் பழக்கத்தினாற் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தோம். அவ்வெழுத்துருவில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் கோவை. தமிழாசிரியர் ஒருவர் தம் ஆசிரியர்க்குத் தமிழ் என்னும் சொல்லையே அவ்வாறு அனுப்பியிருந்தோம்.

ஐயா சினந்தாரல்லர். “நீர் எழுதினீர், சொல்ல மறந்துவிட்டீர்” என்று மட்டும் கூறினார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. 1990களின் முற்பகுதியில், குடாநாட்டில் மின்சாரம் இன்றி, இரவில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்த காலத்தில், ஐயாவின் வகுப்பில் யாம் இருந்தோம். பின்வரிசையிற் பார்வை குறைந்த மாணாக்கன் ஒருவன் இருந்தான். மூக்குக்கண்ணாடி வாங்க வசதியற்றவன். ஐயா கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் எழுதும்போதே உரக்கச் சொல்லுவார். படம் வரைந்தால், “இடப்பக்கத்தில் ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி” என்று விவரிப்பார். அவனுக்காகவே அவ்வாறு செய்கிறார் என்பது வகுப்பில் எவருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பல்லாண்டு கழித்து யாம் ஆசிரியர் தொழிலுக்கு வந்தபின்னரே ஐயா அதனைக் கூறினார்.

அன்றிரவே திருத்தத் தொடங்கினோம். முதலிற் பாமினியை நீக்கி யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். அடுத்து ஒவ்வொரு படவில்லைக்கும் தனித் தலைப்பிட்டோம். கண்ணுடையார் பக்கத்தைப் புரட்டி வேண்டியதைத் தேடுவதுபோல, திரைவாசிப்பானைக் கேட்போர் தலைப்புக்களைக் கொண்டே வேண்டிய இடத்துக்குச் செல்வர்.

மூன்றாவது, ஒழுங்கு. பொருள்கோள் எட்டென்பதை மாணாக்கர் அறிவர். கண்ணுடையார் படவில்லையில் அங்குமிங்கும் சிதறிக் கிடப்பவற்றைக் கொண்டுகூட்டிப் பொருள் கொள்வர். பொறிக்கு அது தெரியாது. அஃது ஆற்றுநீர் போல ஒரே நெறியிற் செல்வது. யாம் எதனை முன்னர் வைத்தோமோ அதனையே அது முன்னர் வாசிக்கும். ஆதலின், எமது படவில்லையொன்றில் முடிவுரை முதலிலும் தலைப்பு ஈற்றிலும் ஒலித்தன. பவர்பொயின்ற்றில் இவ்வொழுங்கைக் காட்டும் பட்டியலொன்று உண்டு. தெரிவுப் பலகத்தில் அதனைக் கீழிருந்து மேலாக வாசித்தல் வேண்டும் என்பதை அறியாமல் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினோம்.

ஐயாவின் பொருட்டுத் தொடங்கிய திருத்தம் பிறரையும் நினைக்கச் செய்தது. இளமஞ்சட் பின்னணியில் வெண்ணிற எழுத்து எழுதியிருந்தோம். மங்கிய பார்வையுடைய முதியோர் அதனை வாசிக்க இயலாது. உலகளாவிய வலைச் சங்கம் 2008இலும், பின்னர் திருத்தி 2023இலும் வெளியிட்ட வழிகாட்டிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆகவும், பெரிய எழுத்தாயின் 3க்கு 1 ஆகவும் இருத்தல் வேண்டும் என்கின்றன. இல்லங்களின் புள்ளிகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தியிருந்தோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதார்க்கு அங்கே வென்றவர் யார், தோற்றவர் யார்? ஒவ்வொன்றின் மீதும் இல்லத்தின் பெயரை எழுதினோம். பரிசளிப்பு விழாக் காணொளியில் உரைகள் ஒலித்தனவேயன்றி, செவிப்புலன் வலுவற்றோர்க்கு ஒரு வரியேனும் இல்லை. பொறி தானாக எழுதிய தமிழ் பிழை மலிந்திருந்தமையால், உரைகளைக் கேட்டு யாமே எழுதிச் சேர்த்தோம். பறந்த எழுத்துக்களையும் சுழன்ற படங்களையும் அமைதியாக நிற்கச் செய்தோம்.

எஞ்சியது படங்களுக்கான மாற்றுரை. இதுவே எம்மை மிகவும் வருத்திய பகுதி. மாற்றுரை எழுதப்படவில்லையெனின் மென்பொருளிலுள்ள பரிசோதனைக் கட்டளை குறைகாட்டும். எழுதியது தகுமா என்பதை அதனாற் கூற இயலாது. பழைய மண்டபத்தின் நிழற்படத்துக்கு முதலில் ‘கட்டடம்’ என்று எழுதினோம். அது மாற்றுரையன்று, மழுப்பல். பின்னர், ‘ஓட்டுக்கூரையும் ஆறு தூண்களும் உடைய பழைய பிரார்த்தனை மண்டபம், வாயிலில் மாணவர் வரிசையாக நிற்கின்றனர்’ என்று எழுதினோம். அழகுக்காக மட்டும் வைத்த கோலங்களை அலங்காரம் என்று குறித்து, குரல் அவற்றைக் கடந்து செல்லவிட்டோம்.

மீண்டும் ஐயாவிடம் சென்றோம். நாற்பது படவில்லைகளையும் அவர் தாமே விசையை அழுத்திக் கேட்டார். மண்டபத்தின் படம் வந்தபோது கையை நிறுத்தினார்.

“வாயிலின் வலப்பக்கத்தில் ஒரு வேம்பு நிற்குமே, அது படத்தில் இல்லையோ?”

குனிந்து பார்த்தோம். படத்தின் ஓரத்தில் வேம்பு நின்றது. பன்முறை பார்த்தும் அதனை யாம் கண்டிலோம். அவர் முன்னிலையிலேயே அவ்வேம்பையும் மாற்றுரையிற் சேர்த்தோம்.

வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க இந்நாட்டில் 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. சட்டம் வேண்டற்பாலதே. எனினும், எம்மைத் திருத்தியது சட்டமன்று. ஆசிரியர் ஒருவரின் ஒரு வரியே.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களுள் பார்வை மங்கியோரும் செவிப்புலன் குறைந்தோரும், விபத்தினாலோ போரினாலோ கை இழந்து விசைப்பலகையை ஒரு விரலால் இயக்குவோரும் இருப்பர். அவர்களும் இவ்வன்னையின் மக்களே. ஆசிரிய நண்பர்களையும் மாணாக்கரையும் யாம் வேண்டுவது இஃதொன்றே: படவில்லையொன்றை அனுப்புமுன், திரையை அணைத்துவிட்டு அதனை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்கும் குரலில் உங்கள் கருத்து முழுமையாக வரவில்லையெனின், பணி இன்னும் முடியவில்லை என்று அறிக.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.