விமானச் சீட்டில் மறைந்த இரண்டரை மணி

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வானவழித் தொலைவு ஏறக்குறைய 4,450 கிலோமீட்டர். 1995ஆம் ஆண்டோடு நின்றுபோன பம்பாய் ஹஜ் கப்பலில் பல நாட்களைக் கடலில் கழித்த நம் பெரியவர்கள், இன்றைய விமானப் பயணத்தைப் பயணமென்றே எண்ணமாட்டார்கள். ஆயினும் இந்தச் சில மணி நேரத்தைச் சரியாகக் கணக்கிடத் தெரியாமல் இடர்ப்படுவோர் நம்மிடையே உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த மாமி ஒருவர், ஜனவரி மாத உம்ராவுக்கான டிக்கெட்டுடன் என்னிடம் வந்தார். “அஜரத்து, போகும்போது மூன்றரை மணி, வரும்போது எட்டு மணி போட்டிருக்கே! திரும்புறது வேற வழியா?” என்று கேட்டார். சீட்டில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, பகல் 1.30க்குச் சேர்வு என்றிருந்தது. திரும்பும்போது பகல் 3 மணிக்கு ஏறி, இரவு 11 மணிக்கு இறங்க வேண்டும்.

வழி ஒன்றுதான்; கடிகாரங்கள்தாம் வேறு. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் கடிகாரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையையும், சவூதிக் கடிகாரம் 45 பாகையையும் ஒட்டியவை. இடையிலுள்ள 37.5 பாகைக்கு இரண்டரை மணி. சீட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் நேரமே. எனவே போவதற்கு உண்மையில் ஆறு மணி, வருவதற்கு ஐந்தரை மணி. அந்த அரைமணி குறைவு, குளிர்காலத்தில் மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்றின் உபயம்.

மாமிக்கு நீரிழிவு உண்டு. காலை 7 மணிக்கு மாத்திரையும் பசியாறலும், பிறகு இறங்கியபின் பகலுணவு என்று திட்டமிட்டிருந்தார். ஜித்தாவில் 1.30 என்றால் நம் ஊரில் மாலை 4 மணி. அஸர் பாங்கு சொல்லி முடிந்திருக்கும். அங்கோ அப்போதுதான் லுஹர் வேளை. கடிகாரத்தைத் திருகிவிடலாம், வயிற்றைத் திருக முடியுமா? ஒன்பது மணி நேரம் உணவின்றி இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அதன்பின் குடியேற்றச் சோதனை, பெட்டிகளுக்கான காத்திருப்பு, மக்காவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சாலை வேறு.

ஆகவே வீட்டில் முதியோரை அனுப்புகிறவர்கள், புறப்பட்டதிலிருந்து கழியும் மணிகளை எண்ணி உணவுக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம். இன்னொன்று: விமானம் ஜித்தாவில் இறங்குமுன்பே வானில் மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். இஹ்ராமின் நிய்யத்தை அதற்குள் வைத்துவிட வேண்டும். உறங்கிவிடும் வழக்கமுள்ளவர்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி வைப்பது நலம்.

மருந்து வேளையைச் சவூதி நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதை மட்டும் மருத்துவரிடமே கேட்கச் சொன்னேன். அவர் எழுதித் தந்த தாளை மாமி பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.