சிறுசேரியில் ஒரு 'லெர்னேயோ'... யாருக்கும் சொந்தமில்லாத மொழியில் பள்ளிக்கூடச் சொற்கள்!

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் வந்து, ஓ.எம்.ஆரில் இடதுபக்கம் திரும்பினால், படூரைத் தாண்டியதும் சிறுசேரி. காலை நேரத்தில் சிப்காட் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் காதில் விழும். ஐ.டி ஊழியரும், கட்டட வேலைக்கு வந்த வடமாநில இளைஞரும் அருகருகே நிற்பார்கள். டீ கேட்க ஒரு விரல் போதும். அதற்குமேல் பேசத்தான் மொழி வேண்டும்.

இப்படியொரு ஊரில்தான் 1859-ல் பிறந்தார் லுத்விக் ஸாமென்ஹோஃப். இன்று போலந்தில் இருக்கும் பியாலிஸ்டாக் நகரம் அது. ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், யித்திஷ் என ஆளுக்கொரு மொழி. அதனாலேயே ஆளுக்கொரு பகை. வளர்ந்து கண் மருத்துவரான அவர், யாருக்கும் தாய்மொழியாக இல்லாத, அதனால் யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யாத ஒரு மொழியை உருவாக்கினார். 1887-ல் வெளியான அதன் முதல் புத்தகத்தில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ'. 'நம்பிக்கையோடு இருப்பவர்' என்று அர்த்தம். அந்தப் பெயரே மொழிக்கும் நிலைத்துவிட்டது.

மனிதர்கள் உட்கார்ந்து செய்த மொழியா என்று சிறுசேரியில் யாரும் ஆச்சர்யப்பட மாட்டார்கள். ஜாவா, பைத்தான் என்று மனிதர்கள் செய்த மொழிகளால்தான் இங்கே பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது!

எஸ்பெராண்டோவின் கல்விச் சொற்கள் தமிழர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 'லெர்னி' என்றால் கற்பது. இடத்தைக் குறிக்கும் 'ஏய்' என்ற ஒட்டையும், பெயர்ச்சொல்லுக்கு உரிய 'ஓ'வையும் சேர்த்தால் 'லெர்னேயோ'. அதாவது பள்ளிக்கூடம். நூலோடு 'அகம்' சேர்த்து நூலகம் என்கிறோமே, அதே கணக்கு. 'லிப்ரோ' புத்தகம், 'லெர்னோலிப்ரோ' பாடப்புத்தகம். 'இன்ஸ்ட்ருயிஸ்டோ' ஆசிரியர், 'இன்ஸ்ட்ருயிஸ்டினோ' ஆசிரியை.

இன்னும் சுவாரஸ்யம், மாணவரைக் குறிக்கும் சொல். இப்போது கற்கிறவர் 'லெர்னாண்டோ'. கற்று முடித்தவர் 'லெர்னிண்டோ'. இனிமேல் கற்கப்போகிறவர் 'லெர்னோண்டோ'. கற்கின்றவர், கற்றவர், கற்பவர் என்று ஒரே சொல்லுக்குள் காலத்தை வைக்கும் தமிழுக்கு இது புதிதில்லை. ஆங்கிலத்தில்தான் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும்.

சிறுசேரியிலேயே பெரிய 'லெர்னேயோ' ஒன்று இருக்கிறது. கணிதமேதை சி.எஸ்.சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய சென்னை கணிதவியல் நிறுவனம், 2005-ல் சிப்காட் வளாகத்துக்குக் குடிவந்தது. சமன்பாடு எழுதினால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். ஸாமென்ஹோஃப் ஆசைப்பட்டதும் அதைத்தான், பேச்சில்.

பக்கத்திலேயே டி.சி.எஸ்ஸின் பட்டாம்பூச்சி வடிவக் கட்டடங்கள். வடிவமைத்தவர்கள் கார்லோஸ் ஓட், கார்லோஸ் போன்ஸ் டி லியோன் என்ற உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர்கள். அந்த நாட்டின் தலைநகர் மான்டிவிடியோவில் 1954-ல் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில்தான், உலக மக்களின் அறிவுப் பரிமாற்றத்துக்கு எஸ்பெராண்டோ செய்த பணியை அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேறியது.

ஆனால், இந்த மொழியின் கதையில் கண்ணீரும் உண்டு. ஸாமென்ஹோஃபின் இளைய மகள் லிடியா ஓர் 'இன்ஸ்ட்ருயிஸ்டினோ'. மொழிபெயர்ப்பே இல்லாமல், கேள்வியும் பதிலுமாகவே எஸ்பெராண்டோவைச் சொல்லிக்கொடுத்து, நாடு நாடாகப் போனார். 1937-ல் அமெரிக்காவுக்கும் போய்ப் பாடம் எடுத்தார். அங்கே தங்கும் அனுமதி நீட்டிக்கப்படாததால் 1938-ல் போலந்து திரும்பினார். யூதக் குடும்பம். 1942-ல் ட்ரெப்ளிங்கா வதைமுகாமில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அவருடைய அண்ணனும் அக்காவும்கூடத் தப்பவில்லை. மொழியைச் செய்தவரின் மூன்று பிள்ளைகளும் போனார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்தவர்கள் மொழியைக் கைவிடவில்லை.

இன்று அதைக் கற்க வகுப்பறை தேடி அலைய வேண்டாம். ஆங்கிலம் தெரிந்தால், 2015 முதல் டுவோலிங்கோ செயலியில் பாடங்கள் இருக்கின்றன. கற்றவர்களுக்கு 'பாஸ்போர்ட்டா செர்வோ' என்றொரு வசதியும் உண்டு. எஸ்பெராண்டோ பேசும் பயணிகளைப் பல நாடுகளில் வீட்டில் இலவசமாகத் தங்கவைக்கும் ஏற்பாடு அது, 1974-லிருந்து நடக்கிறது.

மாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வெளியே வரும்போது, சிறுசேரி மறுபடி பல மொழிகளில் பேச ஆரம்பிக்கிறது. ஜன்னலோர சீட்டில் போனைப் பார்த்தபடி போகிறவர்களுக்குத் தாம்பரம் சேர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பத்துச் சொற்களுக்கு அது தாராளம். இந்த வரியைப் படிக்கும்வரை நீங்கள் ஒரு 'லெர்னோண்டோ'. முதல் சொல்லை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், 'லெர்னாண்டோ'!