பனிக் கண்டத்துக்கு ஒரு விண்ணப்பம்

என்னிடம் ஓதிய பிள்ளைகளில் ஒருவன் இப்போது துபாயில் பொறியாளனாகப் பணியாற்றுகிறான். சென்ற நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்கள் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஸலாமும் நலவிசாரிப்பும் போக அதில் எஞ்சியிருந்த விஷயம் இதுதான்: அண்டார்க்டிகா கண்டத்தில், பனிக்கட்டியின் மீது, 42.195 கிலோமீட்டர் ஓடும் மாரத்தான் பந்தயத்துக்கு அவன் விண்ணப்பிக்கப் போகிறான். உஸ்தாத் துஆச் செய்யவேண்டும். மறுவாரமே அவனுடைய தாயார் மதரஸாவின் வாசலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், இவன் போகிறேன் என்கிற ஊர் எந்தத் திக்கில் இருக்கிறது? அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா? அதையாவது எனக்கு விளங்கச் சொல்லுங்கள்" என்றார்.

மனிதர்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி மிகச் சரியான கேள்வி. அண்டார்க்டிகாவைத் தன் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளும் குடி எதுவும் உலகில் இல்லை. ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் கண்டத்தில் 98 சதவீதம் பனிக்கட்டியால் மூடிக்கிடக்கிறது. அந்தப் பனிப் போர்வையின் சராசரி கனம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். உலகத்து நன்னீரில் சுமார் 70 சதவீதம் அங்கே உறைந்து கிடந்தும், மழையும் பனிப்பொழிவும் மிகக் குறைவு என்பதால் புவியியலார் அதைப் பாலைவனம் என்றே வகைப்படுத்துகிறார்கள். 1983 ஜூலை 21 அன்று அங்குள்ள வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் பதிவான குளிர் மைனஸ் 89.2 டிகிரி. ஆய்வாளர்களும், கோடைக் காலத்தில் வந்து திரும்பும் பயணிகளுமே அங்கு காணக்கிடைக்கும் மனிதர்கள்.

அந்த ஆய்வாளர் வரிசையில் நம் நாட்டவருக்கும் இடமுண்டு. இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணத்துக்குத் தலைமையேற்றவர், அலகாபாத்தில் பிறந்த கடலியல் அறிஞர் டாக்டர் சையித் ஸஹூர் காஸிம். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறிய அவரது குழுவினர் 21 பேர், 1982 ஜனவரி 9 அன்று அந்த மண்ணில், இல்லை, அந்தப் பனியில் கால் பதித்தார்கள். இதைச் சொன்னபோது அந்தத் தாயாரின் முகம் சற்றுத் தெளிந்தது. "அவர் ஆராய்ச்சிக்குப் போனார், இவன் எதற்குப் போகிறான்?" என்று அடுத்த கேள்வியும் உடனே வந்தது. அதற்கு என்னிடம் விடை இல்லை.

மாணவன் அனுப்பியிருந்த விவரங்களைப் படித்த பின்தான், இந்தப் பந்தயத்தில் ஓட்டம் என்பது கடைசி அத்தியாயம் என்பது எனக்கு விளங்கியது. ஓட்டக்காரர்கள் முதலில் தென்னமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டிலுள்ள புந்தா அரினாஸ் என்னும் துறைமுக நகரில் கூடவேண்டும். அங்கே ஒவ்வொருவருடைய உடையும் காலணியும் பரிசோதிக்கப்படும். வேற்று மண்ணின் விதையோ கிருமியோ பனிக் கண்டத்தில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகக் காலணிகள் துடைத்துச் சுத்தம் செய்யப்படும். பிறகு காத்திருப்பு. தெற்கே வானம் தெளிந்து, காற்று அடங்கினால்தான் விமானம் புறப்படும். அது இன்றாகவும் இருக்கலாம், நான்கு நாள் கழித்தும் இருக்கலாம். இத்தனை செலவழித்து வந்த செல்வந்தரும் ஒரு ஜன்னலோரம் அமர்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

விமானம் நாலரை மணி நேரம் பறந்து, எல்ஸ்வொர்த் மலைத்தொடரின் தென்பகுதியிலுள்ள யூனியன் பனியாற்றில் இறங்குகிறது. அங்கே ஓடுபாதை என்று எவரும் கட்டிவைக்கவில்லை. மலையிடுக்கிலிருந்து ஓயாது வீசும் காற்று மேற்பனியை வாரிக்கொண்டு போய்விடுவதால், அடியிலுள்ள பழம்பனி வெளியே தெரிகிறது. பல்லாண்டுக் கால அழுத்தத்தில் காற்றுக் குமிழிகள் பிதுங்கி வெளியேறிவிட்ட கட்டி. நீல நிறமாய்ப் பளிங்குபோல் கிடக்கும். ரஷ்யத் தயாரிப்பான இல்யூஷின்-76 என்ற பெருவிமானம் பல ஆண்டுகள் இந்த நீலப் பனிமீது தன் சக்கரங்களாலேயே வந்திறங்கியது. அந்த வழுக்குப் பரப்பில் சக்கரத் தடையை நம்ப முடியாது. எஞ்சினின் உந்துவிசையை எதிர்ப்புறம் திருப்பித்தான் வேகத்தைத் தணிப்பார்கள்.

இறங்கிய இடத்திலிருந்து தென்துருவம் இன்னும் 1,100 கிலோமீட்டர் அளவில் தெற்கே இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் கூடாரங்களாலான ஒரு முகாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டுமே அது இயங்கும். அப்போது அங்கே சூரியன் மறைவதே இல்லை. நாள் முழுதும் படும் வெயிலினாலேயே கூடாரத்தின் உள்ளே கதகதப்பு இருக்கும். வாசல் துணியை விலக்கினால் உறைகுளிர். முகாமில் சேரும் கழிவு, மனிதக் கழிவு உட்பட, அனைத்தும் கட்டி எடுத்துத் திரும்ப விமானத்தில் ஏற்றப்படுகிறது. அந்நிய மண்ணில் விருந்தாளியாகத் தங்குகிறவன் நடந்துகொள்ளவேண்டிய முறை அதுதான். நம் சுற்றுலாத் தலங்களை நினைத்துக்கொண்டேன். அதைப்பற்றி இங்கே எழுதப் புகவில்லை.

சூரியன் மறையாத இடத்தில் தொழுகை எப்படி என்று வாசகர்கள் கேட்பார்கள். இரவும் பகலும் பிரிந்து தெரிகிற, அருகிலுள்ள ஊரின் நேரத்தை மதிப்பிட்டுக்கொள்வது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் பலரும் காட்டியுள்ள வழி. முகாமின் கடிகாரமே சிலி நாட்டு நேரத்தில்தான் ஓடுகிறது. புந்தா அரினாஸில் டிசம்பரிலும் சூரியன் மறைந்து உதிக்கிறது. ஒளுவுக்குக் கால் கழுவக் காலணியைக் கழற்ற அஞ்சவேண்டியதுமில்லை. பிரயாணிக்கு மூன்று பகல், மூன்று இரவு காலுறைமீது மஸ்ஹு செய்யும் சலுகை இருக்கிறது. இப்பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அதற்கு இப்படியொரு இடம் வாய்க்குமென்று எண்ணியதில்லை.

குளிரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இப்னு பதூதாவின் நினைவு வந்துகொண்டே இருந்தது. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் அந்தப் பெரும் பயணி கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து வடக்கே, வோல்கா நதிக்கரையை நோக்கிக் கடுங்குளிர் காலத்தில் சென்றார். தாம் மூன்று தோலங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்ததையும், அந்தச் சுமையால் குதிரைமீது தாமாக ஏற முடியாமல் தோழர்கள் தூக்கி ஏற்றியதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். நெருப்பருகே அமர்ந்து வெந்நீரில் ஒளுச் செய்தும், தாடியில் வழிந்த நீர் அப்படியே உறைந்துபோனதாம். இன்று அண்டார்க்டிகாவில் ஓடுகிறவர்களின் புகைப்படங்களிலும் இமையிலும் மீசையிலும் அதே பனிதான் தொங்குகிறது. ஆனால் உடை விஷயத்தில் காலம் பாடத்தைத் திருப்பிப்போட்டிருக்கிறது.

இங்கே ஓடுகிறவனுக்குப் பகை குளிர் மட்டுமல்ல, அவனுடைய வியர்வையும்தான். அதிக உடை அணிந்து வேகமாக ஓடினால் உடல் வியர்க்கிறது, உள்ளாடை நனைகிறது. ஈரம், உலர்ந்த காற்றைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக உடற்சூட்டை வெளியே கடத்திவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியாது. கால் பிசகியோ, களைத்தோ ஒரு பத்து நிமிடம் நின்றானானால் நனைந்த துணியே அவனை உறையவைத்துவிடும். ஆகவே கம்பளி அல்லது செயற்கை இழையாலான மெல்லிய உள்ளாடை, அதன்மேல் ஒரு கதகதப்பு உடை, அதற்கும் மேலே காற்றுத் தடுக்கும் சட்டை என்று அடுக்கடுக்காக அணிந்து, வேகத்துக்கேற்பத் திறந்தும் மூடியும் சமாளிக்கவேண்டும். பருத்தி மட்டும் கூடவே கூடாது. அது வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். பந்தயம் என்றால் முந்துவது. இங்கேயோ வியர்க்காத அளவுக்கு நிதானிப்பவனே பிழைக்கிறான்.

காற்று இன்னொரு கதை. உட்கண்டத்து மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று, மலைச்சரிவில் தண்ணீர் வழிவதுபோல் கீழ்நோக்கி வழிந்து வருகிறது. வெப்பமானி மைனஸ் 20 காட்டும்போது காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 33 போல உறைக்கும். மூக்கு நுனி, காது மடல், விரல் ஆகியவைதான் முதலில் மரத்து வெளுக்கின்றன. வலி நின்றுவிட்டால் நிம்மதி என்று எண்ணக் கூடாது. உணர்வு போய்விட்டது என்று பொருள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலோ கண்ணைக் குருடாக்கும். கறுப்புக் கண்ணாடி அணியாமல் ஓட அனுமதியில்லை.

இத்தகைய களத்திலும் 2022ஆம் ஆண்டு அயர்லாந்துக்காரர் ஷான் டோபின் 2 மணி 53 நிமிடம் 33 விநாடியில் ஓடி முடித்திருக்கிறார். எனக்கோ 2019ஆம் ஆண்டின் செய்தியே பிடித்திருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ராய் ஸ்வெனிங்சென் என்ற 84 வயது முதியவர், பதினோரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் பனியில் தளராமல் நடந்தும் ஓடியும் எல்லைக் கோட்டைத் தொட்டார். மறையாத சூரியன் அவருக்கு உதவியது என்று சொல்லத் தோன்றுகிறது.

இதைவிட எளிய வழி இல்லையா என்று மாணவனிடம் கேட்டேன். இருக்கிறது என்றான். அண்டார்க்டிகாவின் வடமுனைக்கு அப்பால் கிங் ஜார்ஜ் தீவில் 1995 முதல் ஒரு மாரத்தான் நடந்து வருகிறது. குளிர் அவ்வளவு கொடிதல்ல. ஆனால் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. 2001ஆம் ஆண்டு அங்கு போனவர்கள் கடலின் சீற்றத்தால் கரையிறங்க முடியாமல், கப்பலின் மேல்தளத்தையே நானூறு தடவைக்கும் மேல் சுற்றிச் சுற்றி ஓடி மாரத்தான் தூரத்தை முடித்தார்களாம். படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு அவர்களுடைய பிடிவாதத்தை நினைத்து மரியாதையும் வந்தது.

வட துருவத்திலும் ஒரு பந்தயம் உண்டு. அயர்லாந்தின் ரிச்சர்டு டோனவன் 2002 ஜனவரியில் தென்துருவத்தில் ஓடி, அவ்வாண்டு ஏப்ரலில் வட துருவத்திலும் தனியொருவராக மாரத்தான் தூரம் ஓடினார். மறு ஆண்டே அங்கும் போட்டி தொடங்கியது. தெற்கே பனிக்கு அடியில் நிலம் இருக்கிறது. வடக்கே இருப்பது கடல். இரண்டு மூன்று மீட்டர் கனமுள்ள பனிப்பலகை, அதன்கீழ் 4,000 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். பலகை ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் ஓட்டம் தொடங்கிய இடமும் மாலையில் அது முடிந்த இடமும் ஒரே கொடிக்கம்பமாக இருந்தாலும், பூமியின்மேல் அவை இரண்டும் வேறு வேறு இடங்கள்! வெண்கரடி வந்துவிடுமோ என்று துப்பாக்கியோடு காவலும் உண்டு. அந்தப் பலகைமீது ஏப்ரல் மாதத்தில் அமைக்கப்பட்டு வந்த ரஷ்ய முகாம், 2019 முதல் விமானப் பிரச்சினை, கொள்ளை நோய், போர் என்று பலமுறை தடைப்பட்டது. வடகடலின் பனியும் ஆண்டுக்காண்டு மெலிந்து வருகிறது. நிலையான தரையை நாடித்தான் இவன் தெற்கைத் தேர்ந்திருக்கிறான்.

செலவைச் சொன்னபோது நான் சற்று நேரம் பேசவில்லை. பதினைந்து லட்ச ரூபாய்க்குக் குறையாது. இது இஸ்ராஃப் ஆகாதா என்று கேட்டேன். தன் சேமிப்பு என்றும், ஸக்காத் கொடுத்த பின்பே மிஞ்சியது என்றும், உம்மாவுக்கு வீடு முடித்தாயிற்று என்றும் பதில் எழுதினான். அந்தப் பதிலில் குற்றம் காண முடியவில்லை; மனம் முழுதாக ஒப்பவுமில்லை. இப்னு பதூதாகூட, பல்கார் நகரைத் தாண்டி நாய் வண்டியில் நாற்பது நாள் போனால் வரும் இருள் தேசத்தைக் காண ஆசைப்பட்டு, சிரமம் பெரிது, பயன் சிறிது என்று கைவிட்டவர்தான். அதை எழுதி அனுப்பினேன். "அவர் அதற்குள் பாதி உலகத்தைப் பார்த்துவிட்டிருந்தார், உஸ்தாத்" என்று பதில் வந்தது.

அதன்பிறகுதான் விண்ணப்பத்தோடு சேர்ந்த மருத்துவப் படிவத்தை அனுப்பினான். பந்தயத்துக்குத் தகுதி நேரம் எதுவும் கேட்பதில்லை, உடல்நிலையைத்தான் கேட்கிறார்கள். முகாமில் மருத்துவர் இருக்கிறார். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி கடலுக்கு அப்பால். வானம் இடங்கொடுக்காவிட்டால் நோயாளியையும் ஏற்றிவர முடியாது. ஆகவே காப்பீடும், ஒளிவுமறைவற்ற நோய் வரலாறும் வேண்டும். இருதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதியிருந்தான். மூச்சு சம்பந்தமான நோய் என்ற வரிக்கு எதிரிலும் "இல்லை".

அந்த ஒரு வரியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில், மார்கழி மாத பஜ்ருக்கு எழுந்துவரும்போதெல்லாம் அவனுக்கு இழுப்பு வரும். விடுதியின் திண்ணையில் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தவன் நான். உலர்ந்த குளிர்க்காற்றை வேகமாக உள்ளிழுத்தால் மூச்சுக்குழல் சுருங்கும். நலமான ஓட்டக்காரர்களுக்கே அது நேர்வதுண்டு. அவ்வாறிருக்க, இவன்?

துஆவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "மூன்றாம் பக்கத்து வரியைத் திருத்து. திருத்தியபின் மருத்துவரிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்" என்று மட்டும் எழுதினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், திருத்திய பக்கத்தின் படம் வந்தது. "சிறுவயதில் ஆஸ்துமா, பதினைந்து ஆண்டுகளாகத் தொந்தரவில்லை" என்று எழுதியிருந்தான். குளிர்க்காற்றை இழுக்கச் செய்து மூச்சை அளந்து பார்க்கும் ஒரு சோதனைக்கு மருத்துவர் நாள் குறித்திருக்கிறாராம். அதன் முடிவு தெரிந்த பிறகே விண்ணப்பம் போகும்.

நேற்று அவனுடைய உம்மா மறுபடியும் வந்தார். கையில் ஒரு பொட்டலம். துபாய் போகும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பவேண்டுமாம். பிரித்துக் காட்டினார். மகனுக்குக் குளிராமல் இருக்கவேண்டுமென்று, தாமே இரவு கண்விழித்து, இரட்டையாக மடித்துத் தைத்த நான்கு உள்சட்டைகள். நல்ல உயர்தரப் பருத்தி.