ஏரிக்கரை நகரம் – 4: கீற்று வேயாத பந்தல்

சிகாகோவில் நான்காம் நாள். ஜூலை மாதம், காலை பத்து மணிக்கே 33 டிகிரி. நாகப்பட்டினத்தில் வளர்ந்த உடம்புக்கு வெயில் புதிதல்ல. ஆனால் இது வேறு மாதிரி. காற்று அசையவில்லை, வியர்வை காயவில்லை, கண்ணாடிக் கட்டடங்களில் பட்ட சூடு திரும்பி வந்து முகத்தில் அடிக்கிறது. கடல் போல விரிந்த ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் புழுங்குகிறது.

இந்த ஊருக்கு வெயில் என்றால் ஒரு பழைய துக்கம் உண்டு. 1995 ஜூலையில் ஐந்து நாள் அடித்த அனலில் 700க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் துணையில்லாத வயதானவர்கள். திருட்டுப் பயத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் அடைந்து கிடந்தவர்களும் அதில் உண்டு.

மிச்சிகன் அவென்யூவில், பச்சை பூத்த இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குள் நுழைந்தேன். கதவு திறந்ததும் குளிர்ச்சி வந்து தழுவியது. 1893 உலகக் கண்காட்சியின்போது மாநாடுகள் நடந்த கட்டடம் இது. செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இங்கேதான். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளை நினைத்துக்கொண்டே உள்ளே நடந்தேன்.

ஆசியக் கலைக்கூடத்தில் கால் நின்றுவிட்டது. கருங்கல் புத்தர். ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உயரம், மடியில் கைமேல் கை, பாதி மூடிய கண்கள். குறிப்புப் பலகையில் 12ஆம் நூற்றாண்டு என்று போட்டு, ஊர்ப் பெயரும் போட்டிருந்தது: நாகப்பட்டினம்.

எங்கள் ஊரில் விகாரை இருந்த சுவடே இன்று கண்ணில் படாது. ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான் என்று படித்திருக்கிறோம். மிஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். எதிரே இருந்த கருங்கல்லின் குளுமை எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் கோயில் வெளிப்பிராகாரத்தை ஓட்டமாகக் கடந்து உள்ளே கால் வைத்ததும் உள்ளங்காலில் ஏறுமே, அந்தக் குளுமை. இங்கே தொட அனுமதி இல்லை. அரைமணி நேரம் எதிரே நின்றிருந்தேன். பத்திரமாக இருக்கிறாரே என்ற நிம்மதியும், இவ்வளவு தூரத்தில் இருக்கிறாரே என்ற ஏக்கமும் மாறி மாறி வந்தன.

அங்கிருந்து ஜார்ஜ் சூராவின் ஓவியத்துக்குப் போனேன். பாரிஸ் அருகே ஆற்றங்கரையில் ஒரு கோடை ஞாயிறு, 1884 முதல் 1886 வரை தீட்டியது. அகலம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். எட்ட நின்றால் புல்வெளி, கிட்டப் போனால் வெறும் புள்ளிகள். புல்லில் விழுந்த வெயிலுக்காக அவர் வைத்த மஞ்சள் புள்ளிகள், அதில் கலந்திருந்த துத்தநாகச் சாயத்தால் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிவிட்டன. குனிந்து பார்த்தால் அந்தப் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. நிழலில் இத்தனை பேர் கூடியிருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாலை ஆறரைக்கு மில்லேனியம் பூங்காவில் கிராண்ட் பார்க் இசைக்குழுவின் கச்சேரி. புல்வெளியில் உட்காரக் காசு கிடையாது. 1935இல், மக்கள் வேலையில்லாமல் தவித்த காலத்தில் ஆரம்பித்த வழக்கம், கோடைதோறும் நடக்கிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீர்ப்பந்தல்தான் ஞாபகம் வந்தது. பார்வைக்கும் பந்தல்தான்: கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி, புல்வெளி முழுவதற்கும் மேலே எஃகுக் குழாய்களை வளைத்து, கீற்று மட்டும் வேயாமல் விட்டிருக்கிறார். குழாய்களில் ஒலிபெருக்கிகள் தொங்குகின்றன. பின்வரிசை ஒலிபெருக்கியில் சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாகத் தாமதித்து வருவதால், எங்கே உட்கார்ந்தாலும் மேடையிலிருந்தே கேட்பதுபோல இருக்கிறது.

அன்று டுவோர்ஷாக்கின் எட்டாவது சிம்பொனி. 1893 ஆகஸ்டில் இதே ஊருக்கு வந்து, அந்தக் கண்காட்சியில் அவரே நடத்திக்காட்டிய இசை. செல்லோக்கள் தாழ்ந்த குரலில் தொடங்கின. சற்று நேரத்தில் ஒற்றைப் புல்லாங்குழல், விடியலில் குருவி கூப்பிடுவதுபோல. புல்லில் மல்லாந்து கிடந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. குளிர்ந்த தேநீரை மூடியில் ஊற்றி எனக்கும் நீட்டினார். நான்காவது மாடி, மின்விசிறி மட்டும்தானாம். “அந்த 95க்கு அப்புறம் வெயில் நாளில் நான் வீட்டில் இருப்பதில்லை. பகலில் நூலகம், சாயங்காலம் இங்கே” என்றார்.

எட்டு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. எக்காளங்கள் முழங்கிக் கச்சேரி முடிந்தது. கைதட்டல் ஓய்ந்து கூட்டம் பாயைச் சுருட்டியது. அவர் மட்டும் நாற்காலியை மடக்கவில்லை. “வீடு ஆற இன்னும் ஒரு மணி நேரமாகும்” என்றார். நானும் கிளம்பவில்லை. மேடையில் ஒருவர் இசைத்தாள்களைப் பிடித்திருந்த துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

(பயணம் தொடரும்)